கிளாட் லாஜிக்கல் ரீசனிங்: பெங்களூர் பசங்க, பேரன்ட்ஸ் கேட்டதும் நான் சொன்னதும்

டிசம்பர்ல கிளாட் (லா காலேஜ்ல சேர எழுதற நுழைவுத் தேர்வு) எழுதப் போற பசங்களும் அவங்க அப்பா அம்மாவும் கேளுங்க. வார நாள்ல கோர்ட் வேலை, சனி ஞாயிறு மட்டும் ஜெயநகர்ல பசங்களுக்கு லாஜிக்கல் ரீசனிங் எடுக்கறேன், அதனால இது மட்டும்தான் சொல்லுவேன், ஜி.கே., கரன்ட் அஃபேர்ஸ்க்கு வேற ஆளைப் பாருங்க. ஒரு கண்டிஷன். கேள்வியோட, அந்த பேசேஜ்ல கன்க்ளூஷன், அதாவது எழுதினவர் முடிவா சொல்ல வர்றது, எதுன்னு நீங்க நினைக்கறீங்களோ அதையும் எழுதணும். சும்மா "ஏவா பியா"ன்னு வந்தா பதில் கிடையாது.

மாரத்தஹள்ளி, பன்னெண்டாவது படிக்கற தம்பி: அக்கா, பேசேஜ் நல்லா புரியுது. ஆப்ஷனுக்கு வந்தா நாலும் சரி மாதிரியே தெரியுது, கடைசி ரெண்டுல மாட்டிக்கிட்டு எப்பவும் தப்பானதையே போடறேன்.

தம்பி, நீ ஆப்ஷனை ரொம்ப சீக்கிரம் பாக்கற. 2020லேர்ந்து கிளாட் முழுக்க பேசேஜ் மாடல் ஆயிடுச்சு, சுமார் 450 வார்த்தைக்கு ஒருத்தர் எதையோ வாதாடியிருப்பார், அதுக்குக் கீழ கேள்வி. லாஜிக்கல்ல மொத்தம் 22லேர்ந்து 26 கேள்வி வரும். இங்க முதல் வேலை, கன்க்ளூஷன் லைன் மேல பென்சிலை வெக்கறது. ஆப்ஷனைக் கையால மூடிக்கோ. மூணு விஷயத்தை உனக்கு நீயே சொல்லிப் பாரு: இவர் என்ன சொல்ல வர்றார், எதை வெச்சு சொல்றார், நடுவுல எதைச் சொல்லாம விட்டுட்டார். அசம்ப்ஷன் (சொல்லாம எடுத்துக்கிட்டது), ஸ்ட்ரென்தன் (வாதத்தைப் பலமாக்கறது), வீக்கன் (பலவீனமாக்கறது) எல்லாமே அந்த மூணாவதுலதான் இருக்கு.

சின்ன எக்ஸாம்பிள். "அந்த ஹாஸ்டல்ல சாப்பாடு நல்லாத்தான் இருக்கும், ஏன்னா ஒரே சமையல்காரர் பத்து வருஷமா இருக்கார்." கன்க்ளூஷன், சாப்பாடு நல்லா இருக்கும். ஆதாரம், பத்து வருஷம். சொல்லாம விட்டது என்ன? சாப்பாடு மோசமா இருந்திருந்தா அவரை எப்பவோ மாத்தியிருப்பாங்கங்கறது. இப்ப அதைத் திருப்பிப் போடு, "சாப்பாடு மோசமா இருந்தாலும் அந்த ஹாஸ்டல்ல யாரையும் மாத்த மாட்டாங்க." பத்து வருஷங்கற ஆதாரம் அப்படியே விழுந்துடுது பாத்தியா, அதனால அதுதான் அசம்ப்ஷன். எந்த ஆப்ஷனைத் திருப்பிப் போட்டா வாதம் நிக்காம போகுதோ அதை எடு.

உன்னை ஏமாத்தறதுக்கு பக்கத்துலயே இன்னொரு ஆப்ஷன் இருக்கும், "பத்து வருஷ அனுபவம் உள்ள எல்லா சமையல்காரரும் நல்லா சமைப்பாங்க"ன்னு. படிக்க பலமா இருக்கும், கை தானா அங்க போகும். ஆனா இந்த வாதத்துக்கு "எல்லாரும்" தேவையில்ல, இந்த ஒருத்தர் போதும். எல்லா, எப்பவும், மட்டுமே, ஒருபோதும்னு வர்ற ஆப்ஷனைப் பாத்தா, பேசேஜ் அவ்வளவு பெரிசா கேக்குதான்னு ஒரு தடவை நின்னு பாரு. கடைசி ரெண்டுல நீ மாட்டறது பாதிக்கு மேல இங்கதான்னு நினைக்கறேன்.

எலக்ட்ரானிக் சிட்டி அம்மா: பையன் இப்பதான் ஆரம்பிக்கறான் மேடம், எத்தனை மாசம் போதும்?

மாசத்தை வெச்சு சொல்ல முடியாதும்மா. தினம் ரெண்டு பேசேஜ், செஞ்சதைத் திரும்ப அலசறது, அவ்வளவுதான். எப்ப ஆரம்பிச்சாலும் இன்னிக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்க.

கே.ஆர்.புரம், பதினொண்ணாவது பொண்ணு: அக்கா, "இஃப் ஏ தென் பி" வந்தாலே குழம்பிடறேன். பி நடந்தா ஏ நடந்திருக்கும்னு எழுதிடறேன், சார் தப்புங்கறார். ஏன் தப்பு?

நல்ல கேள்வி கேட்டம்மா, இதுக்கு நிதானமா சொல்றேன். பீட்டர் வேசன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1966ல ஒரு சோதனை எழுதினார். நாலு கார்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் நம்பர். உனக்குத் தெரியறது ஈ, கே, 4, 7. ரூல் என்னன்னா, ஒரு பக்கம் வவல் (ஏ, ஈ, ஐ, ஓ, யு) இருந்தா மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கணும். ரூல் சரியான்னு பாக்க எந்தெந்த கார்டைத் திருப்பணும்? கீழ படிக்காம யோசி.

நிறைய பேர் ஈ, 4ன்னு சொல்லிடுவாங்க. சரியான பதில் ஈ, 7. நாலுக்குப் பின்னாடி என்ன இருந்தாலும் ரூல் உடையாது, வவல் இல்லாத கார்டுல இரட்டைப்படை வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலை. ஏழுக்குப் பின்னாடி வவல் இருந்தா மட்டும் ரூல் உடையும்.

இப்ப இதையே சில்க் போர்டு சிக்னலுக்குக் கொண்டு வா. ரூல்: கியர் பைக் ஓட்டினா 18 வயசு முடிஞ்சிருக்கணும் (மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்லுது). நாலு பேர் நிக்கறாங்க. ஒருத்தர் கியர் பைக்ல, வயசு தெரியலை. ஒருத்தர் சைக்கிள்ல. ஒருத்தருக்கு 25 வயசு, வண்டி தெரியலை. ஒரு பையனுக்கு 16, என்ன வண்டின்னு தெரியலை. போலீஸ் யாரை நிறுத்துவார்? கியர் பைக்காரரையும் 16 வயசுப் பையனையும். இதுல நீ தப்பே பண்ணியிருக்க மாட்ட. 25 வயசுக்காரரை நிறுத்தி "உங்களுக்கு 18 ஆயிடுச்சு, அப்ப கியர் பைக்தானே ஓட்டணும்"னு யாராவது கேப்பாங்களா? நீ பியிலேர்ந்து ஏவுக்குப் போறப்ப அதைத்தான் கேக்கற.

ரெண்டு கேள்வியும் ஒரே கணக்குதான் கண்ணு. எக்ஸாம்ல ஏ, பின்னு மொட்டையா வந்தா உடனே வயசையும் வண்டியையும் போட்டுப் பாரு. ஏ இருந்தா பி கட்டாயம், பி இல்லைன்னா ஏவும் நிச்சயமா இருக்காது, இந்த ரெண்டு மட்டும்தான் உனக்குக் கிடைக்கும். மத்த ரெண்டு பக்கமும் எதுவும் சொல்ல முடியாது, "சொல்ல முடியாது"ங்கறதும் ஒரு பதில்தான், அதை எழுத பயப்படாத.

பெயர் போடாதவர்: பெஸ்ட் புக் எது?

கிளாட் நடத்தற கன்சார்டியத்தோட சைட்ல இருக்கற பழைய கேள்வித்தாள். முதல்ல அதை முடிங்க.

பனசங்கரி, பன்னெண்டாவது முடிச்சு ஒரு வருஷம் டிராப் எடுத்திருக்கற தம்பி: அக்கா, ஞாயித்துக்கிழமை மாக்ல (மாதிரித் தேர்வு) வந்தது. "ஒரு ஊர்ல பஸ் ஸ்டாண்டு முழுக்க கேமரா வெச்சாங்க. அடுத்த வருஷம் பிக்பாக்கெட் புகார் எண்ணிக்கை கூடிடுச்சு. ஆகவே கேமராவால திருட்டு குறையலை." கீழே உள்ளதை உண்மைன்னு வெச்சுக்கிட்டா, இதை அதிகமா பலவீனமாக்கறது எது? ஏ: கேமரா வந்த பிறகு போலீஸ் புகாரை உடனே வாங்கிக்கறாங்க, முன்னாடி ஆதாரம் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டிருந்தாங்க. பி: கேமரா இல்லாத பக்கத்து ஊர்லயும் அதே வருஷம் புகார் கூடியிருக்கு. சி: கேமராவுக்கு ஆன செலவு பட்ஜெட்டை விடக் குறைவு. டி: பயணிகளுக்கு கேமரா பிடிச்சிருக்கு. கன்க்ளூஷன் "கேமராவால திருட்டு குறையலை". நான் பி போட்டேன், ஆன்சர் கீல "ஏ"ன்னு இருக்கு.

கன்க்ளூஷன் எழுதினதுக்கு முதல்ல சந்தோஷம் தம்பி. கீ சரி. ஆதாரம் எதைப் பத்திப் பேசுது பாரு, புகார். கன்க்ளூஷன் எதைப் பத்தி, திருட்டு. ரெண்டும் வேற. புகார் கூடினா திருட்டும் கூடியிருக்கணும்னு அவர் சொல்லாமலே எடுத்துக்கிட்டார். ஏ நேரா அந்த இடத்துல கை வெக்குது, திருட்டு குறைஞ்சே இருக்கலாம், எழுதி வாங்கறதுதான் கூடியிருக்குன்னு காட்டுது. சி, டி கேமராவைப் பத்தி பேசுது, வாதத்தைத் தொடவே இல்ல.

வைட்ஃபீல்டு, ஐ.டி.ல இருக்கற அப்பா: மேடம், மன்னிக்கணும், பி தான் சரி. நான் டேட்டாலதான் வேலை பாக்கறேன். கேமரா இல்லாத ஊரோட ஒப்பிடறதுதான் சரியான முறை. அங்கயும் கூடியிருக்குன்னா வேற ஏதோ பொதுக் காரணம் இருக்கு, கேமரா மேல பழி போட முடியாது.

சார், முறை சரி. ஆனா பில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, "கூடியிருக்கு". எவ்வளவுன்னு இல்ல. நம்ம ஊர்ல புகார் 100லேர்ந்து 120 ஆச்சுன்னு வைங்க. பக்கத்து ஊர்ல 100 ஏறி 150 ஆச்சுன்னா, கேமரா ஏதோ தடுத்திருக்கு, வாதம் பலவீனமாகுது. அங்கயும் 120ன்னா, கேமரா இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான், வாதம் பலமாகுது. அங்க 105ன்னா இன்னும் பலமாகுது. ஒரே ஆப்ஷன் ரெண்டு பக்கமும் சாயுது, நம்பரை நீங்க மனசுல போட்டுக்கிட்டாதான் உங்க பக்கம் வருது. ஏவுக்கு அப்படி எதையும் போட வேண்டாம்.

அதே அப்பா: இருந்தாலும் ஒரு சந்தேகத்தையாவது கிளப்புதே மேடம். கீ தப்பா இருக்கக்கூடாதா? கிளாட் 2025க்கு ஒரிஜினல் கீயே தப்புன்னு கோர்ட் சொன்னதே.

சந்தேகம் கிளப்புதுங்கறதை ஒத்துக்கறேன். "கூடியிருக்கு, அதனால குறையலை"ங்கற தாவலை அது கொஞ்சம் தளர்த்துது, அதனால சி, டியை விட பி மேல். கேள்வி கேக்கறது "அதிகமா" எதுன்னு. பில "பக்கத்து ஊர்ல ரெண்டு மடங்காச்சு, இங்க லேசாத்தான் கூடுச்சு"ன்னு இருந்திருந்தா நாம வேற மாதிரி பேசியிருப்போம், ஆனா அப்படி இல்ல. கோர்ட் விஷயம் உண்மைதான், 2024 டிசம்பர் 20ம் தேதி டில்லி ஹைகோர்ட் யு.ஜி. பேப்பர்ல ரெண்டு கேள்விக்கு கீ சரியில்லைன்னு தீர்ப்பு சொல்லிச்சு, அப்பறம் அது அப்பீலுக்கும் போச்சு. கீ தப்பாகலாம் சார். ஆனா எந்த இடத்துல தப்புன்னு பேப்பர்ல இருக்கற வரியைக் காட்டித்தான் சொல்லணும், நம்ம அனுபவத்தை வெச்சு இல்ல.

அல்சூர், ரிட்டயர்டு போலீஸ் அதிகாரி: அம்மா, நீங்க ரெண்டு பேரும் சொல்றது சரியில்லை. ஏ நடக்கவே முடியாது. லலிதா குமாரி வழக்குல 2013லயே சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்ச், காக்னிசபிள் குற்றம்னா (வாரன்ட் இல்லாம போலீஸ் கைது பண்ணக்கூடியது) எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு சொல்லிடுச்சு. ஆதாரம் இல்லைன்னு புகாரைத் திருப்பி அனுப்பினது சட்டவிரோதம். சட்டவிரோதமானதை எப்படி சரியான விடையா வெக்கறது?

ஐயா, தீர்ப்பை நீங்க சொன்னது சரிதான், வக்கீலா நானும் அதைச் சொல்லி வாதாடறவதான். ஆனா இந்தக் கேள்வி ஆரம்பிக்கறதே "கீழே உள்ளதை உண்மைன்னு வெச்சுக்கிட்டா"ன்னுதான். ஏல சொன்னது அந்த ஊர்ல நடந்துச்சுன்னு எடுத்துக்கிட்டுதான் மேல போகணும். நடக்கறது சட்டப்படி சரியாங்கறது வேற கேள்வி, அது இங்க கேக்கவே இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல சட்டத்துக்கு மாறா ஒண்ணு நடந்ததுன்னு எழுதினா அது நடக்க முடியாத விஷயம் ஆயிடாது.

பசங்களே, இதை ஒரு தடவை நல்லா படிங்க. நல்லா விஷயம் தெரிஞ்சவங்கதான் இதுல விழறாங்க. வைட்ஃபீல்டு சார் தனக்குத் தெரிஞ்ச டேட்டா முறையை பேசேஜுக்குள்ள கொண்டு வந்தார், ஐயா தனக்குத் தெரிஞ்ச சட்டத்தைக் கொண்டு வந்தார். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது உண்மை, ஆனா கேள்விக்குத் தேவைப்படலை. லீகல் ரீசனிங் செக்‌ஷன்லயும் இதேதான், பேசேஜ்ல குடுத்த பிரின்சிபிள் உனக்குத் தெரிஞ்ச சட்டத்துக்கு மாறா இருந்தாலும் குடுத்ததை வெச்சுதான் பதில். பேசேஜுக்கு வெளிய போகாதீங்க. கன்க்ளூஷன் மேல பென்சில் இருந்தா போக மாட்டீங்க.

ஹெப்பால் அம்மா: மேடம் ஆறு மாசத்துல முடியுமா?

மேல சொல்லிட்டேன்மா.

மாரத்தஹள்ளி தம்பியோட ஃபிரண்டு: நெகடிவ் மார்க் இருக்கறதால தெரியாததை விட்டுடணும்னு கோச்சிங்ல சொல்றாங்க. சரியா?

கணக்குப் போட்டுப் பாக்காம அப்படிச் சொல்றாங்க. சரிக்கு 1, தப்புக்கு 0.25 கழியும், நாலு ஆப்ஷன். கண்ணை மூடிக்கிட்டு 16 கேள்வி போட்டா சராசரியா 4 சரி, 12 தப்பு. 4ல 3 போச்சு, 1 மிச்சம். பெரிசா ஒண்ணும் இல்ல, நஷ்டமும் இல்ல. ஒரு ஆப்ஷனை நிச்சயமா தள்ள முடிஞ்சு 12 கேள்வி போட்டா 4 சரி, 8 தப்பு, 2 மார்க் மிச்சம். ரெண்டைத் தள்ள முடிஞ்சா அதே 12ல 6 சரி 6 தப்பு, நாலரை மார்க். ரெண்டு ஆப்ஷனைத் தள்ளிட்டு அப்பறமும் பயந்து விட்டுட்டு வர்றவன் மார்க்கை ஹால்லயே வெச்சுட்டு வர்றான். தள்ளறதுக்குக் காரணம் சொல்லத் தெரியணும், "என்னவோ மாதிரி இருக்கு"ன்னு தள்ளினா இந்தக் கணக்கு வேலை செய்யாது. டைமையும் பாரு, 120 நிமிஷத்துக்கு 120 கேள்வி, ஒரு கேள்விய வெச்சுக்கிட்டு நாலு நிமிஷம் உக்காந்தா மத்த மூணு கேள்விக்கு நேரம் போச்சு.

ஃப்ரேசர் டவுன் தம்பி: சீட்டிங் அரேஞ்ச்மென்ட், பிளட் ரிலேஷன் மாதிரி புதிர்க் கணக்கு நிறைய போடட்டுமா அக்கா?

கிளாட் மட்டும்னா அதுல நேரத்தைக் கொட்டாத, பேசேஜுக்குப் போ. டில்லி என்.எல்.யு.வுக்கு ஐலெட் எழுதறன்னா கணக்கு வேற, அங்க 150ல 70 கேள்வி லாஜிக்கல்தான், பழைய பேப்பரைப் பாத்து எந்த டைப் வருதோ அதைப் போடு.

இந்திரா நகர், அமெரிக்கா போக நினைக்கறவங்க: அங்க லா ஸ்கூலுக்கு எழுதற எல்சாட்டும் இதுவும் ஒண்ணா?

ரீசனிங் ஒண்ணு, கஷ்டம் அங்க ஜாஸ்தி. 2024 ஆகஸ்ட்லேர்ந்து எல்சாட்ல லாஜிக் கேம்ஸ்ங்கற புதிர்ப் பகுதியை எடுத்துட்டாங்க, இப்ப மார்க் வர்றதுல ரெண்டு லாஜிக்கல் ரீசனிங் செக்‌ஷன், ஒரு ரீடிங். மேல ஹாஸ்டல் சாப்பாட்டுக்குச் சொன்ன திருப்பிப் போடற முறை அங்கயும் அப்படியே உதவும்.

ஓசூர்லேர்ந்து ஒரு அக்கா: என் தம்பி பொண்ணு பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். கிளாட் இங்கிலீஷ்ல மட்டும்தான். லாஜிக் எல்லாம் இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்குத்தான் வரும்னு அவளே சொல்லிக்கிட்டு இருக்கா. என்ன சொல்றது?

அவளைத் தயவுசெஞ்சு அப்படிச் சொல்ல விடாதீங்க அக்கா. எனக்கு இதுல நிஜமாவே கோவம் வரும். மணிமேகலைல தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதைன்னு ஒரு பகுதி இருக்கு, அறவண அடிகள் மணிமேகலைக்கு உக்காத்தி வெச்சு சொல்லித் தர்றது முழுக்க லாஜிக். இந்த மலைல நெருப்பு இருக்கு, ஏன்னா புகை தெரியுது, அடுக்களை மாதிரி. பக்கம், ஏது, திட்டாந்தம்னு பிரிச்சு, ஒவ்வொண்ணும் எங்கெங்க போலியாகும்னு வரிசையா சொல்றார். கன்க்ளூஷன், ஆதாரம், எக்ஸாம்பிள், அப்பறம் ஃபாலசி, நான் சனிக்கிழமை கிளாஸ்ல எடுக்கறதும் அதைத்தான். "புகை தெரியலை, அதனால நெருப்பு இல்ல"ன்னு சொல்லலாமான்னு அவகிட்ட கேளுங்க. சொல்லக்கூடாது, காய்ஞ்ச கரி புகையாம எரியும். இதுக்கு அவ சரியா பதில் சொன்னா, மேல கே.ஆர்.புரம் பொண்ணு கேட்ட கேள்விக்கும் அவளுக்கு பதில் தெரியும்.

இங்கிலீஷ் படிக்கற வேகம்தான் அவளுக்குப் பிரச்சனை, அதை ஒளிக்க வேண்டாம், அது உழைக்க வேண்டிய இடம். ரெண்டையும் ஒண்ணாக்கிக் குழம்ப விடாதீங்க. தினம் தமிழ் பேப்பர் தலையங்கம் ஒண்ணு எடுத்து கன்க்ளூஷன் எது, ஆதாரம் எது, சொல்லாம விட்டது எதுன்னு தமிழ்லயே எழுதட்டும். இன்னொரு நேரத்துல இங்கிலீஷ் தலையங்கம் ஒண்ணு, டைம் வெச்சு, படிக்க மட்டும். கொஞ்ச நாள் போனதும் முதல் வேலையை ரெண்டாவது பேப்பர்ல செய்யட்டும். டிக்‌ஷனரி பாக்க வேண்டிய வார்த்தையை விட ஹவ்எவர், அன்லெஸ், தேர்ஃபோர் மாதிரி திருப்பம் காட்டற வார்த்தைங்கதான் முதல்ல கைக்கு வரணும். சந்தேகம் வந்தா அவளையே எழுதச் சொல்லுங்க, தமிழ்ல எழுதினா போதும், நான் பதில் போடறேன்.

விஜயநகர் அப்பா: நாங்க தமிழ்க் குடும்பம், பையன் ஒண்ணாவதுலேர்ந்து பெங்களூர்ல படிக்கறான். நாகர்பாவி என்.எல்.எஸ்.ல (நேஷனல் லா ஸ்கூல்) கர்நாடகா ஸ்டூடன்ட் கோட்டா கிடைக்குமா?

அது தாய்மொழியைப் பாக்கறதில்ல சார், கர்நாடகால பத்து வருஷம் படிச்சிருக்கணும்ங்கறதுதான். அந்த வருஷத்து அட்மிஷன் நோட்டீசை முழுசா படிங்க, ஸ்கூல் சர்டிஃபிகேட்டை இப்பவே வாங்கி வைங்க. இது என் சப்ஜெக்ட் இல்ல.

பெயர் போடாதவர்: டெய்லி எத்தனை மணி நேரம்? எத்தனை மாசம்? எந்த புக்?

மூணுக்கும் மேல பதில் இருக்கு. இந்தக் கேள்விக்கு இனிமே எழுத மாட்டேன். பேசேஜைக் கொண்டு வாங்க, கன்க்ளூஷனோட கொண்டு வாங்க.

பனசங்கரி தம்பி: அக்கா, மாக் முடிஞ்சதும் தப்பானதுக்கு எல்லாம் எக்ஸ்பிளனேஷன் படிக்கறேன், மார்க் மட்டும் அங்கயே நிக்குது.

எக்ஸ்பிளனேஷனை முதல்ல படிக்காத. தப்பான கேள்வியை மறுநாள் கீ பாக்காம திரும்பப் போடு. அப்பறம் நோட்ல ரெண்டு வரி எழுது, நான் போட்டதை எதை நம்பிப் போட்டேன், பேசேஜ்ல எந்த வரி அதைத் தடுத்திருக்கணும். கேமரா கேள்விக்கு உன் ரெண்டு வரி இப்படி வரும்: "பக்கத்து ஊர்ல அதிகமா கூடியிருக்கும்னு நானே நினைச்சுக்கிட்டேன். 'கூடியிருக்கு'ன்னு மட்டும்தான் இருந்தது." சரியாப் போட்டதுலயும் சந்தேகத்தோட போட்டதை எல்லாம் இதே மாதிரி எழுது, அதுலதான் நிறைய மறைஞ்சிருக்கு. நாலு மாக் நோட்டை ஒண்ணா வெச்சுப் பாத்தா ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்திருக்கும், அதை எடுத்துக்கிட்டு சனிக்கிழமை வா.

ஜே.பி. நகர் அம்மா: பொண்ணு சென்னைல தாத்தா பாட்டி வீட்ல தங்கி தமிழ்நாட்டுலயே லா படிக்கறேங்கறா. அதுக்கும் கிளாட் கட்டாயமா?

தமிழ்நாடு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு பன்னெண்டாவது மார்க்தான், கிளாட் வேண்டாம். திருச்சில இருக்கற நேஷனல் லா யுனிவர்சிட்டின்னா கிளாட் எழுதணும். ரெண்டுக்கும் அப்ளிகேஷன் தேதி வேற வேற, தனித்தனியா குறிச்சு வெச்சுக்கோங்க.